டொபி கொடுத்த கை

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் ஆய்வை நடத்திய சசிக்குமாரின் கட்டுரை வெளிவந்துவிட்டது. என் பெயர் இல்லை. வலிப்பு நோயாளிகளின் மூளையில் வைத்த மின்வாய்களில் பதிவு எடுக்க, எட்டு மாதம் பலாபத்வலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனவள் நான். கேட்டதற்கு, "நீங்க டொபி குடுத்தீங்க, அவ்வளவுதானே நூருன்னிஸா" என்றார். நோயாளிகளுக்குப் பரிசாகக் கொடுத்த அந்த டொபி மிட்டாயைக்கூடத் தானே கொடுத்ததாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஜூலை 10

வயிறு எரிகிறது. விடமாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பழைய வீடியோக்களைப் பார்த்தேன். திரையில் இரண்டு படங்கள். இடது கையால் பொத்தானை அழுத்தி ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும், சரியானதற்கு டொபி. சரியான படம் வந்ததும் இடப்பக்க மூளையில் ஒரு நரம்புக்கலம் படபடக்கும். பரிசை எதிர்பார்க்கும் கலம் என்று சசிக்குமார் எழுதினார்.

பாப்பம்மாவின் வீடியோவை நிறுத்தினேன். இடது கை பொத்தானில். வலது கை அதற்குள் ஏந்தத் தயாராகிவிட்டது! எல்லா நோயாளிகளும் அப்படித்தான். வலது கையில் சேலைன் ஏறுகிறதே, இடது கையில் வாங்குங்கள் என்று ஒருநாள் சொன்னதற்கு, "குடுக்கிறத இடது கையில வாங்குறதுங்களா?" என்று பாப்பம்மா கோபித்தது நினைவு வந்தது.

அந்தக் கலம் பரிசை நினைக்கவில்லை. வலது கையைத் தூக்கப் பார்க்கிறது; இடப்பக்க மூளை ஆட்டுவது வலது கையைத்தானே. மாட்டினாயா, சசிக்குமார்.

ஜூலை 15

ஆனால் — டொபி போடும் மெஷின் பழுதானபோது கையில் கொடுக்கலாம் என்று தீர்மானித்தது யார்? நான்தான். யாரிடமும் கேட்கவில்லை. மெஷினின் தட்டில் விழுந்திருந்தால் யாரும் கை நீட்டியிருக்க மாட்டார்கள்.

சரி. டொபியைத் தானே கொடுத்ததாக எழுதியவர் பிழையையும் வைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 18, வெள்ளி

கூட்டத்தில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். சசிக்குமாருக்கு வியர்த்தது. ஆசையாகப் பார்த்தேன். எங்கள் தலைவர் விஜிதா மேடம், "கையில குடுக்கச் சொன்னது யாரு?" என்றார்.

"நான்தான். நானேதான் குடுத்தேன்" என்றார் சசிக்குமார்.

திரையில் மூன்று வளையல் போட்ட கை டொபியை நீட்டிக்கொண்டிருந்தது. மேடம் என் பக்கம் திரும்பினார்.

ஜூலை 21

அது யாருடைய கை என்று மேடம் எழுத்தில் கேட்டிருக்கிறார். பேசாமல் இருந்தால் பிழை சசிக்குமாரோடு போய்விடும். என்னுடையது என்றால் அவர் பொய்யர், நான் ஆய்வைக் கெடுத்தவள். "விட்டுடு மகள், ஒன் வேலையும் போயிரும்" என்றார் உம்மா.

எப்படி விடுவது? எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கட்டுரையை மீளப்பெற்றுவிட்டார்கள். சசிக்குமாரை அனுப்பியாயிற்று. திங்கள் முதல் எனக்கும் வேலை இல்லை. அறிவித்தலை மூன்று தரம் வாசித்தேன்: "பரிசைக் கையில் கொடுத்துப் பரிசோதனையைப் பிழையாக்கியவர், எம். பீ. நூருன்னிஸா."

என் பெயரில் எழுத்துப்பிழைகூட இல்லை.