நிரந்தரத் தாவரக் கோடு

அந்த விடுதியின் விரிவாக்க விண்ணப்பம் இன்று காலை என் மேசைக்கு வந்தது. அதே விடுதி, அதே கரை. இம்முறை நீச்சல் தடாகமும் கேட்டிருக்கிறார்கள். கடல் போதவில்லைப் போலும். நான் கோப்பைத் திறக்கவில்லை. கந்தோர் அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். நீர் என் கையில் வைத்த கறுப்புப் பை அங்கேயே கிடந்தது. நாற்று வளர்க்கும் சிறிய பொலித்தீன் பை. உள்ளே மணல் கட்டியாகிவிட்டது. அடம்பன் கொடியின் வேர் நூல்போல வற்றியிருக்கிறது. முகர்ந்தால் இன்னும் உப்பு மணக்கிறது. எழுதுவினைஞர் குப்பையென்று நினைத்து இருமுறை எறியப் பார்த்தார், இருமுறையும் தடுத்தேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அறிந்தவர் நீர் ஒருவர்தான். நீர் போய் இரண்டு ஆண்டாகிறது.

யுத்தம் முடிந்து சனம் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. தீவின் தென்கரையில் இந்திய அகதி முகாம்களிலிருந்து வந்த குடும்பங்கள் படகுகளை ஏற்றி வைத்த இடத்தில், றெஜினாக்கா ஓலைக் கொட்டிலாக ஒரு வாடி போட்டுக் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். வாடிக்குப் பின்னால், தரைப்பக்கமாக, விடுதிக்காரர் மதிலுக்கு அத்திவாரம் வெட்டிவிட்டு அனுமதி கேட்டார். எப்போதும் அந்த ஒழுங்குதான்: முதலில் அத்திவாரம், பிறகு விண்ணப்பம்.

சட்டம் எளிமையானது. கரையில் நிலையாகச் செடி நிற்கும் கடலோர விளிம்பே கோடு. கோட்டிலிருந்து தரைப்பக்கமாகக் குறித்த தூரம்வரை ஒதுக்குப்பகுதி. அதற்குள் எதுவும் கட்டக்கூடாது. கோட்டுக்குக் கடற்புறம் வெறும் மணல். அங்கே மீன்பிடி வாடிக்கு இடமுண்டு. முதல் அளவையில் மதில் ஒதுக்குப்பகுதிக்குள் விழுந்தது. வாடி மணலில், உரிய இடத்தில் நின்றது. மூன்று மாதம் கழித்து மீளாய்வு கேட்டார்கள். குழு வந்தது.

அந்தக் குழுவை நினைவிருக்கிறதா? மூன்று வாகனம், ஒன்பது பேர், ஒன்பது சோடிச் சப்பாத்து. இறங்கியவுடன் அரைவாசிப் பேர் சப்பாத்துக்குள் மணல் போனதென்று குந்தியிருந்து உதறினார்கள். மிச்சப் பேர் விடுதிக்காரர் வெட்டிக் கொடுத்த செவ்விளநீரைக் குடித்தார்கள். கடலைப் பாதுகாக்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. றெஜினாக்காவின் வாடியையும் தாண்டிக் கடற்பக்கமாக, மூன்று மாதத்துக்கு முன் வெறும் மணலாக இருந்த இடத்தில், அடம்பன் கொடி பச்சையாக நின்றது. குழுத் தலைவர் குடித்து முடித்த இளநீர்க் கோம்பையைக் கீழே போட்டுவிட்டு, இதுதான் நிரந்தரத் தாவரக் கோடு என்று அறிவித்தார். அந்தக் கோட்டிலிருந்து அளந்தால் மதில் ஒதுக்குப்பகுதிக்கு வெளியே விழுந்து சட்டத்துக்குள் வந்துவிடும். வாடியோ ஓரடிகூட நகராமலே ஒதுக்குப்பகுதிக்குள் போய்விடும்.

நீர் குழுவில் இல்லை. படவரைஞர், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வந்தவர். ஆனால் நறுவிலிக்குளத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. நாடாவைக் கீழே விட்டுவிட்டு அந்தப் பச்சையைச் சரிந்து பார்த்தீர்.

"ஐசே, கடல் வரிசையில நடாது."

எனக்கு மட்டும் கேட்கத்தான் சொன்னீர். அதன் பிறகுதான் நானும் கண்டேன்: சாணுக்கு ஒன்று, நூல் பிடித்தது போல. குனிந்து ஒன்றைப் பிடுங்கினீர். வேரோடு பையும் வந்தது. பையைக் கிழிக்கக்கூட ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை, அப்படியே புதைத்திருந்தார்கள். வாடி வாசலில் நின்ற றெஜினாக்கா, கேட்காமலே சொன்னார்: "இதுக்கு ஊத்தினது எங்களுக்குக் குடிக்க வாற பவுசர் வண்டித் தண்ணி, ஐயா. நாங்கள் வாளியோட நிக்க, அங்கால விடுதிக்காரர் குழாய் பூட்டிக் கொடிக்கு விட்டவை."

தலைவர் அவரைப் பார்க்கவில்லை. செடி இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்று அவரே பதிலும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார், திட்டமிடல் உத்தியோகத்தர் வரைவிலக்கணத்தைச் சொல்லட்டும் என்று. நான் சொன்னேன். சொல் பிசகாமல் சொன்னேன். வரைவிலக்கணத்தில் செடியை யார் நட்டது என்ற கேள்வி இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அந்த ஒன்பது பேரை இன்றுவரை நான் இகழ்கிறேன். ஆனால் அவர்கள் சட்டத்தை வாசிக்காதவர்கள். வாசித்தவன் நான்.

வாகனத்தில் ஏறுமுன் அந்தப் பையை என் உள்ளங்கையில் வைத்தீர். "இதையும் கோப்பில போடும்." நான் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மண்ணை இணைப்பாகச் சேர்க்க விதியில் இடமில்லை என்று வழியில் உமக்கு விளக்கினேன். நீர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நீர் ஒரு பொய்யும் சொல்லேல்ல, ஐசே. அதுதான் எனக்கு விசர்" என்றீர்.

வரைபடத்தில் பழைய கோட்டையே கீறினீர். புதிய பச்சைக்கு மேல் 'பைகளில் நடப்பட்ட செடிகள்' என்று உமது அழகான கையெழுத்தில் குறித்தீர். திருப்பி அனுப்பினார்கள். அதையே மறுபடியும் கீறிக் கொடுத்தீர். அடுத்த கிழமை உம்மை நானாட்டானுக்கு மாற்றினார்கள், மதகுகளுக்குப் படம் கீற. "அங்க வரிசையில நிக்கிறது நெல்லாவது" என்று சிரித்தீர். கோட்டை வேறொருவர் கீறினார். வாடியை அகற்றும் அறிவித்தலில் நான் கையெழுத்திட்டேன்.

றெஜினாக்கா அந்தக் கடதாசியோடு கந்தோருக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். சண்டை பிடிக்கவில்லை. "முகாமிலயும் கோடு போட்டுத்தான் ஐயா இடம் தந்தவை. அந்தக் கோடு எண்டாலும் ஒரு இடத்தில நிண்டது" என்றார். மேன்முறையீட்டுக்குரிய கால எல்லையை அவருக்கு எடுத்துச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் கடல் ஏறி, கொடி முழுவதையும் வழித்துக்கொண்டு போயிற்று. கரை நீளத்துக்குக் கறுப்புப் பைகள் ஒதுங்கிக் கிடந்தன. செடி மிஞ்சிய விளிம்பை ஒருநாள் தனியே போய் அளந்தேன். உமது கோடு அரை மீற்றருக்குள் சரியாக இருந்தது. அதைச் சொல்ல உமக்குத் தொலைபேசி எடுத்தேன். "கடலுக்கு இடமாற்றம் குடுக்கேலாது" என்றீர், வேறொன்றும் கேட்கவில்லை. தலைவருக்கும் எழுதினேன். அனுமதி வழங்கிய நாளில் செடி இருந்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. மதில் நிற்கிறது. மதிலில் அடித்துத் திரும்பும் அலை படகு ஏற்றும் மணலை அரித்துவிட்டது. றெஜினாக்கா இப்போது உப்புக்குளத்தில் வாடகை அறையொன்றில் இருக்கிறார். ஆட்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறார். உமது செத்தவீட்டுக்கு நறுவிலிக்குளம்வரை பஸ்ஸில் வந்திருந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார். அதற்கும் நான் தகுதியற்றவன்.

இன்று பிற்பகல் கரைக்குப் போனேன். விண்ணப்பத்தில் புதிய தாவரக் கோடு காட்டியிருந்தார்கள். நாடாவை விரிக்குமுன் குனிந்து ஒன்றைப் பிடுங்கினேன். உம்மிடமிருந்து வந்த பழக்கம், இப்போது எந்தக் கரையிலும் அதைத்தான் முதலில் செய்கிறேன். என்னோடு வரும் இளம் உத்தியோகத்தர்கள், ஐயா களை பிடுங்கத் தொடங்கிவிட்டார் என்று தங்களுக்குள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேரோடு கறுப்புப் பை வந்தது. இத்தனை ஆண்டில் இந்த மனிதர்கள் பையைக் கிழிக்கக்கூடக் கற்கவில்லை.

அதை உறையிலிட்டு, இணைப்பு ஒன்று என்று இலக்கமிட்டுக் கோப்பில் சேர்த்தேன். உமது பழைய வரைபடத்தின் பிரதி இணைப்பு இரண்டு. சிபாரிசு செய்யப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலே இருப்பவர்கள் அதைத் தள்ளிவிடக்கூடும். தள்ளுவதென்றாலும் அந்த மண்ணைத் தொட்டுத்தான் தள்ளவேண்டும்.

பழைய பையைக் கோப்பில் போடவில்லை. அது மறுபடியும் அலுமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. நீர் போடச் சொன்னது அன்றைக்கு. இன்று போட்டால் அது பழைய திகதி போட்டு ஒப்பேற்றிய இன்னொரு கடதாசி.