இடது கதவுக்குள் ஒரு பூ

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். நேத்து மாதிரி கோவத்துல பட்டினி கிடக்காதீங்க. கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல.

நீங்க ஆசை ஆசையா வாங்கின பழைய ஸ்போர்ட்ஸ் காரோட இடது கதவைத் தடவிப் பார்த்துட்டு, "இது மறுபடி பெயிண்ட் அடிச்சது, எவனோ கத்துக்குட்டி வேலை"ன்னு உங்க தம்பி முன்னாடியே சொல்லிட்டேன்.

காலையில கதவு ரப்பரைத் தூக்கினேன். அடியில குட்டியா ஒரு பூ. எங்க பெயிண்ட் பட்டறையில வேலை முடிச்சா அப்படி வரையுறது நான் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானேதான் இதை அடிச்சிருக்கேன்.

காரை வித்தவர் பத்து மணிக்கு வர்றார். பெயிண்ட் விஷயத்தை மறைச்சதுக்கு நல்லா கேளுங்க. அடிச்சவளைத் திட்டாதீங்க, ஞாயித்துக்கிழமை அவளே சரி பண்ணிடுவா.

பி.கு.: தம்பியையும் கூப்பிட்டுச் சொல்லுங்க. அவர் முன்னாடிதானே உங்க மூக்கை உடைச்சேன். என் மூக்கும் அங்கேயே உடையட்டும்.