திங்கட்கிழமை வேலைக்குச் சேருகிறவருக்கு

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

என் ரொட்டிக்கடையில் வேலை கேட்டு நீங்கள் மகளிடம் கொடுத்தனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. ஆறு வருடம் செபு தீவில் யாருடன் இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

காலை ஐந்து மணிக்கு வாருங்கள். முதலாளி நாற்காலியில் உட்காரக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் அடுப்புப் பக்கம் வேலை கிடையாது. கூடவே நின்று பார்க்க வேண்டும். நம் ஊர் ஆட்கள் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றுவிடுவார்கள். அதனால் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்கிறோம். உங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை.

நெனிடாவை நினைவிருக்கிறதா? சேர்ந்த அன்றே மாவுத் தொட்டி முன்னால் நிறுத்திவிட்டுப் போனீர்கள். கழிப்பறை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு மத்தியானம்வரை அடக்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது.

"ஏம்மா, வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தீர்கள். ஜீப்னி வண்டியில் அத்தனை பயணிகள் நடுவில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

நீங்கள் ஓடிப்போன மறுமாதம் நான் அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். இன்று கடையை நடத்துவது அவள்தான். உங்கள் விண்ணப்பத்தை நான் கிழிக்கப் போனபோது, "வரட்டும் அக்கா, நானே பழக்கிவிடறேன்" என்றாள்.

கழிப்பறையை இடம் மாற்றிக் கட்டியிருக்கிறோம். உங்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவாள், நீங்கள் கேட்காமலே.

இந்த நாட்டுச் சட்டத்தில் விவாகரத்தே இல்லாததால் இன்னமும்,
உங்கள் மனைவி