பார்க்க வேண்டிய இடம், எண் ஏழு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் வீடும் நலம். நீ, மருமகள், பேரன் மூவரும் நலம் என்று நீ சொல்கிறாய், நானும் நம்பி வைக்கிறேன். போன வாரம் போனில் இரண்டு முறை இருமிவிட்டு, கேட்டதற்கு டிவி சத்தம் என்றாய். எந்த டிவி அப்படி மூச்சை இழுத்து இருமுகிறது? மருந்து வாங்கிக் குடி. இந்த விஷயத்தையும் போனிலேயே கேட்டிருப்பேன், கேட்டால் லைன் சரியில்லை என்பாய், அதனால்தான் கடிதம்.

நம் நகராட்சி ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்கிறது. ஊரின் வரலாறும், வருகிறவர்கள் பார்க்க வேண்டிய பன்னிரண்டு இடங்களும். முதல் பக்கத்திலிருந்தே எனக்குச் சந்தேகம்தான். கலங்கரை விளக்கத்துக்கு இருநூறு வயதாம். நான் கல்யாணமாகி வந்தபோது நூறு என்றார்கள், அதற்குள் அதற்கு மட்டும் எப்படி இன்னொரு நூறு கூடும்? கடற்பாலம் பெரும்புயலில் உடைந்ததாம். லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்து உடைத்ததை ஊரே கூடி நின்று பார்த்தது. சரி, எதையாவது எழுதிக்கொள்ளட்டும் என்று புரட்டினால், ஏழாம் இடம் நம் வீடு. ‘கேப்டன் வீடு’ என்று படத்தோடு போட்டு, உலகை மூன்று முறை சுற்றிவந்த கப்பல் கேப்டன் வாழ்ந்த இல்லம், வட்ட ஜன்னல் அவர் கப்பலிலிருந்து கழற்றியது என்று எழுதியிருக்கிறது. உன் அப்பா துறைமுகக் கிடங்கில் எடை குமாஸ்தா. கிடங்கு வாலிபால் அணிக்குப் பதினெட்டு வருஷம் கேப்டனாக இருந்தார், அதனால் தெருவே அவரைக் கேப்டன் என்றது. படகில் கால் வைத்தாலே குமட்டும் அவருக்கு. அந்த ஜன்னலோ, கொத்தனார் சைக்கிள் ரிம்மை வைத்து அளவெடுத்துப் போட்டது.

இப்போது தினமும் யாராவது தொப்பியோடு வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். ஒருவர் சமையலறைவரை எட்டிப் பார்த்து, கேப்டன் எந்தக் கடலில் மூழ்கினார் என்று கேட்கிறார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தபடி போன மனிதரைப் பற்றி. எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்திவிட்டேன். இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமை வாசலில் பலகை வேறு மாட்டப் போகிறார்களாம்.

யார் கிளப்பிவிட்டது என்று யோசித்தேன். முதலில் மாடியில் குடியிருக்கும் தையல்காரர் மேல்தான் சந்தேகம். போன மாதம் டேப்பை வைத்து நம் வாசலை அளந்தார், கேட்டால் திரைச்சீலைக்கு என்றார். வாசலுக்கு யார் திரை போடுவார்கள்? அப்புறம் உன் சித்தப்பா. இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டாதவர், புத்தகம் வந்த மறுநாள் வந்து, “அண்ணி, வீடு பெரிய ஆளாயிடுச்சு போல” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் புத்தகத்தைத் திரும்பப் படித்தபோது கடைசி வரி குத்தியது. கேப்டன் தன் மகனுக்கு வெளிநாட்டிலிருந்து காம்பஸ் கொண்டுவந்தாராம். நம் வீட்டில் இருந்த ஒரே காம்பஸ் உன் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது, திருகு கழன்று பென்சில் நிற்காதே, அது. அப்பா கடைத்தெருவில் வாங்கியது. அதைப் போய் வெளியாள் யார் எழுதுவார்?

குடையை எடுத்துக்கொண்டு நகராட்சிக்கே போனேன். புத்தகத்தை எழுதியவன் உன்னோடு படித்த பல்லன். இப்போது அங்கே கிளார்க். நாற்காலி போட்டு உட்காரவைத்து, “உங்க பையன்தாம்மா சொன்னான், ஆறாம் கிளாஸ்ல. அப்பா இன்னிக்கு எந்த நாட்டுல இருக்காருன்னு தினமும் சொல்லுவான். எனக்குப் பூகோளமே அப்படித்தான் வந்துச்சு” என்றான். பெருமையாக வேறு சொல்கிறான்.

சின்ன வயசில் யார்தான் புளுகவில்லை, அதற்காக உன் காதை இப்போது திருகப் போவதில்லை. வேறொன்று சொல்கிறேன், கேள். அந்த வருஷம்தான் அப்பா உன்னைப் பள்ளி வாசல்வரை கொண்டுவிடுவதை நிறுத்தினார். “பெரிய பையனாயிட்டான், முனையிலயே விட்டா போதும்” என்றார். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்ட நாளெல்லாம் டியூட்டி இருக்கிறது என்று என்னைத் தனியாக அனுப்பினார். டியூட்டி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நான்தான் சந்தேகப் பிராணி ஆயிற்றே, சீட்டாடப் போகிறார் என்று நினைத்து இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. உன் கதை அவர் காதுக்கும் வந்திருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. உன் கப்பல் கவிழக்கூடாது என்று என் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். யாரிடம் போய் இப்போது மன்னிப்புக் கேட்பேன், சொல்.

பல்லனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பலகை வைப்பதானால் எடை குமாஸ்தா, வாலிபால் கேப்டன் என்று அவர் பெயரோடு எழுது என்றேன். “அதைப் பாக்க யாரும்மா வருவா?” என்றான். வரவேண்டாம், பதினோரு இடம் போதும் இந்த ஊருக்கு என்று வந்துவிட்டேன்.

எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள், மருமகளிடம் கேட்டதாகச் சொல். இருமலை அலட்சியம் செய்யாதே. வீடு வந்து சேர்ந்ததிலிருந்து எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று பேரனிடம் நீ என்ன சொல்லிவைத்திருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை போனை அவனிடம் கொடு, நானே கேட்கிறேன். அதற்குள் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதே.

ஆசிகளுடன்,
எடை குமாஸ்தாவின் மனைவி,
உன் அம்மா