காப்பு கட்டாதே அம்மா

அம்மாவுக்குப் பம்பாயிலிருந்து பூவராகவன் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது?

தங்கச்சி தேவகி எழுதியிருந்தாள். எழுபது வயதில், புரை விழுந்த கண்ணோடு, திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கப் போகிறாயாமே? தடுத்தால், "ஆத்தா வழி காட்டிக்கினு போறா, எனக்கு எதுக்குடி கண்ணு?" என்கிறாயாம்.

நாற்பது வருஷமாக மிதிக்கிறவள்தான் நீ. தொலைந்த எருமை கிடைத்ததற்குக்கூட மிதித்தாய். அந்த எருமை உன் மஞ்சள் சேலையைத் தின்றது வேறு கதை. அப்போதெல்லாம் உனக்குக் கண் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காப்பு கட்டிவிட்டால் நெருப்பில் இறங்காமல் விடமாட்டாய். அதற்குள் இந்தக் கடிதம் வந்துசேர வேண்டுமே என்று பதறுகிறது.

சனிக்கிழமையிலிருந்துதான் லீவு. தீமிதிக்கு முன்னால் வந்துவிடுவேன். நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துவை, இங்கே சோறு இறங்கவில்லை.

ஒருவேளை காப்பு கட்டியிருந்தால் நானும் கட்டிக்கொண்டு உன்னோடு இறங்குகிறேன். என் இடது கையைப் பிடித்துக்கொள். வலது கையில் மில் எந்திரம் லேசாக உரசியதற்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

பூவராகவன்