பெயர் ஒட்டாத பியானோ

ஐசன்பெர்க்,
23 ஏப்ரல் 1911, ஞாயிறு

அன்பு மகள் ஒட்டிலிக்கு,

கர்த்தரின் சமாதானம் உன்னோடிருப்பதாக.

நேற்று பகல் பதினொரு மணிக்கு நம் பட்டறையில் இருந்தவர்கள்: உன் அப்பா, சித்தப்பா லேபரெக்ட், மேஸ்திரி கிர்பாக், மெருகு போடும் இருவர், நான். ஆக ஆறு பேர். 612-ஆம் பியானோவைக் கேட்கக் கூடினோம். உன் தாத்தா 1838-இல் செய்த முதல் பியானோவிலிருந்து இதுதான் வழக்கம். எல்லோரும் கேட்டு, வீட்டுத் தலைவர் தலையசைத்த பிறகுதான் மூடியில் நம் பெயர் ஏறும்.

ஒரு பாமாலையை வாசித்தேன். கீழ் ஒலிகள் நிறைவாக இருந்தன. மேலே போகப் போகக் கண்ணாடி உடைகிற சத்தம். கம்பியைத் தட்டும் சுத்திகளின் கம்பளி கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஊசி குத்தி இளக்க வேண்டிய அளவுக்கு இளக்கவில்லை. அப்பா கண்ணை மூடிக் கேட்டார், தலையசைத்தார். மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம்.

அப்பா பெயரை ஒட்டச் சொன்னதும் கிர்பாக், பசை கெட்டுவிட்டது, திங்கட்கிழமை ஒட்டுகிறேன் என்றார்.

"முப்பது வருஷத்துல உன் பசை இன்னிக்குத்தான் கெட்டுச்சாக்கும்?" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

நானும் பொய் சொன்னேன், தேவன் மன்னிக்கட்டும். வாங்கும் பள்ளிக்கூடம் ஜூன் மாதப் பெந்தெகொஸ்தே வரை பொறுக்கச் சொன்னதாக அவரிடம் சொல்லிவிட்டேன். உண்மையில் ஒப்படைக்க இன்னும் பத்து நாள்தான். பட்டறைப் பதிவேட்டில் 'கேட்டோம், நன்று' என்று எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதில் என் கை பொய் எழுத மறுக்கிறது.

அடுப்பில் கெட்டில் கூவிக்கொண்டே இருக்கும். அது காதில் விழாமல் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். நானே ஓடிவந்து இறக்குகிறேன். குளிர்காலம் முழுக்க இப்படித்தான். அலுத்துவிட்டது, மகளே.

பட்டறையில் கம்பளி இளக்கும் ஊசி கேட்ட உன்னிடம், "ஊசி பிடிக்கணும்னா போய்ச் சட்டை தை" என்றாரே, அதை நான் மறக்கவில்லை. அன்று நான் வாய் திறக்காததையும் மறக்கவில்லை. லைப்சிக்கில் வேறொருவர் பட்டறையில் அதே ஊசியைப் பிடிக்கிறாய் என்பது அவருக்குத் தெரியும். வா என்று அவர் வாயால் கூப்பிடமாட்டார்.

ஆனால் நேற்று எல்லோரும் போன பிறகு பியானோவின் மேல் ஒலிக் கட்டை ஒன்றைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஒட்டிலி கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா?"

அதற்குப் பதில் நீ சொல்ல வேண்டியது.

கர்த்தர் உன் செவியையும் கையையும் காப்பாராக. எந்த ரயிலில் வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
அடெல்ஹெய்ட்