ஊட்டியில் வாங்கலாம், ஊட்டுக்குள் வரக்கூடாது

நவ. 28, வியாழன்

காலையிலிருந்து மழை. மதியம் மழை விட்டு மஞ்சு, அதாவது மூடுபனி. எதிர்வீட்டு மேரி அக்கா தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

இன்றைய வேலை: போர்பன் பிஸ்கட் நான்கு பாக்கெட். வழியிலேயே அரை பாக்கெட் என் வயிற்றில் டெலிவரி.

அம்மா வீட்டில் சாக்லேட் போடுகிறாள். குன்னூரிலும் ஊட்டியிலும் கடைக்காரர்கள் வாங்கிப்போய் அவரவர் கடைப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுத்துவிட்டுத் தின்னும் 'ஹோம் மேட்' நிறைய எங்கள் அடுப்பில் பிறந்தது. பெற்றவள் அம்மா, இனிஷியல் கடைக்காரருடையது.

நேற்று பங்களா மேடம் போன் செய்தார். சென்னைக்காரர். மேட்டில் பழைய வெள்ளைக்காரன் பங்களா ஒன்றை விருந்தினர் விடுதியாக நடத்துகிறார். இனி ப.மே. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு ஒவ்வொரு அறையிலும் ஒரு பெட்டி போர்பன் சாக்லேட் வைக்க வேண்டுமாம். முதலில் சாம்பிள்.

அம்மா பிஸ்கட்டைப் பொடித்து, சாக்லேட்டில் பிசைந்து, உருட்டினாள். சாயங்காலம் தட்டோடு போனோம். ப.மே. ஒன்று தின்றார். இன்னொன்றும் தின்றார். பிறகு மெதுவாக விளக்கினார்: இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தான் கேட்ட போர்பன் பாட்டிலில் வருவது, அமெரிக்காக்காரன் மக்காச்சோளத்தில் காய்ச்சும் விஸ்கி.

நானும் பிஸ்கட் என்றுதான் நினைத்தேன். அதனால் அம்மாவைக் கிண்டல் செய்ய முடியவில்லை. வாழ்க்கையில் இப்படி ஒரு நஷ்டம்.

இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார். எட்டாம் தேதி ஞாயிறு.

இறங்கி வரும்போது அம்மா என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். இந்த ஆர்டர் கிடைத்தால் பெட்டியில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கப் போகிறாளாம். கேட்க வேண்டுமென்றால் முதலில் சரக்கு சரியாக இருக்க வேண்டுமாம்.

அவள் சொன்ன சரக்கு சாக்லேட். எனக்குக் கேட்டது வேறு.

நவ. 29, வெள்ளி

குளிர். விரல் மடங்கவில்லை, கையெழுத்து கோழி எழுத்து.

பிரச்சினை ஒன்று: அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், இந்தக் குளிரில் விடிகாலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல். பாத்ரூமிலிருந்து வரும் சரணம் பக்தியா நடுக்கமா, கண்டுபிடிக்க முடியவில்லை. டீ ஃபேக்டரியில் மேனேஜர்கூட அவரை இப்போது 'சாமி' என்கிறார். அம்மா என்னைக் கொஞ்சும்போதும் 'சாமி'தான். "சாமி, சாப்பிட வா" என்றால் இரண்டு பேர் எழுந்திருக்கிறோம்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பா விளக்கேற்றி முடித்து வந்து தீர்ப்புச் சொன்னார்.

"ஊட்டில வாங்கிக்கோ. ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

சிலேடை என்று அவருக்கே தெரியாது. சிரித்ததற்கு முறைப்பு கிடைத்தது. அந்த மாதிரி வெளிநாட்டுச் சரக்கு ஊட்டிப் பெரிய கடையில்தான் இருக்குமாம். அது எப்படிங்கப்பா உங்களுக்குத் தெரியும் என்றேன். சரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிரச்சினை இரண்டு: யார் வாங்குவது? எங்கள் லைன் வீடுகளில் அந்தக் கடைக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போகக்கூடியவர்கள்:

அப்பா – மாலை.
கீழ்வீட்டு தண்டபாணி அண்ணன் – மாலை.
பால்காரர் – மாலை.
தையல்கடைக்காரர் – மாலை, அதுவும் கன்னிசாமி.
நான் – பதினாறு. கடையில் இருபத்தொன்று கேட்பார்கள். வழியும் தெரியாது (அம்மா இதைப் படித்தால்).

மாலை போட்டவர்கள் மாலையில் போடுவதில்லை.

மேலே உள்ள வரியைத் திரும்பப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது.

நவ. 30, சனி

மழை. ஸ்கூல் லீவு என்று புரளி, கிளப்பியது நான். ஏழு பேர் நம்பினார்கள்.

செல்வம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கேத்தியிலிருந்து கேரட் லாரி ஓட்டுகிறார். எங்களுக்குத் தெரிந்து மாலை போடாத ஒரே ஆம்பளை. 'அடுத்த வருசம்' என்று நான் பிறந்ததிலிருந்து சொல்கிறாராம்.

மாமாவிடம் திட்டம் தயார். வரும் வாரம் மாஹேக்கு லோடு. கேரளாவுக்குள் இருந்தாலும் அது புதுச்சேரி, சரக்குக்கு வரி கம்மி. இங்கே ஒன்று வாங்குகிற காசுக்கு அங்கே இரண்டு. திரும்பும்போது காலிச் சாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம், செக்போஸ்ட்டில் எல்லாரும் பழக்கம். இங்கத்த விலை கொடுத்து வாங்குகிறவன் கிறுக்கன் என்றார்.

நான் மாமா கட்சி. வரி என்றால் எனக்குத் தெரிந்தது நோட்டில் இருப்பதும் குதிரையில் இருப்பதும்தான். பாதி விலைக்குக் கிடைத்தால் கசக்குமா? ஒரே பயம், மாமா வாங்கினால் பாட்டில் ஊருக்கு வரும், உள்ளே இருப்பது வராது.

அம்மா பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும்,

"பொட்டில என்ற பேரைப் போடச் சொல்லிக் கேக்கப் போறேன்டா செல்வம். உள்ள ஒளிச்சுக் கொண்டாந்ததை வெச்சுட்டு, மேல எப்புடிப் பேரைப் போடறது?"

 அப்ப யார்தான் கடைக்குப் போறது என்றார் மாமா.

"நான் போறேன்."

உள்ளே அப்பாவின் சரணம் பாதியில் நின்றது. மாமா சிரித்தார். பொம்பளை அந்தக் கடை வாசல்ல நின்னா குன்னூர் பூராப் பேசும்கா என்றார்.

"பேசட்டும்டா. அப்படியாச்சும் என்ற பேரைச் சொல்லுவாங்கல்ல."

மாமா டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். நான் கட்சி மாறினேன். தேர்தல் சமயத்தில் இதெல்லாம் சகஜம்.

டிச. 1, ஞாயிறு

வெயில்! கட்டிலுக்கடியில் காய்ந்த சாக்ஸ் கிடைத்தது. பத்து மணி பஸ்ஸில் ஊட்டி.

அம்மா கட்டியிருந்தது நல்ல சேலை, கல்யாணங்களுக்குக் கட்டுவது. ஏம்மா இது என்றேன். பழைய சேலையில் போனால் எதற்கு வந்தேன் என்று அவர்களாக ஒரு கதை கட்டுவார்கள் என்றாள்.

கம்பி வைத்து, ஓட்டை வழியாகக் கையை நீட்டும் கடை இல்லை இது. கண்ணாடிக் கதவு, உள்ளே போய் நாமே எடுக்கலாம். வாசலில் வாட்ச்மேன் என் மீசையைப் பார்த்தார். அதாவது தேடினார். பிறகு போர்டைக் காட்டினார், 21. எதிரே கடலைவண்டி ஓரம் நின்றேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது சினிமா, ஆடியோ இல்லாமல். பின்வருவது அம்மா பிறகு சொன்ன ஆடியோ.

அவள் உள்ளே போனதும் பேச்செல்லாம் நின்றுவிட்டதாம். ஆம்பளைகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் லேபிள் படிக்கும் ஆசை வந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் வழி கேட்க வந்தவள் என்று நினைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கை காட்டியிருக்கிறார். போர்பன் வேணுங்க என்றாளாம். பிஸ்கட் பக்கத்துக் கடைங்க என்றாராம்.

(ஊரே பிஸ்கட்தான். மனது ஆறியது.)

மேல் தட்டில் ஒரே ஒரு வகை, தூசியோடு. விலையைப் பார்த்து அம்மாவுக்குத் தலை சுற்றியது. சின்ன பாட்டில் இல்லை. ஏனுங்க இந்த விலை என்று கேட்டதற்கு அவர், சரக்கு விலை கொஞ்சந்தானுங்க, மேல பூரா வரி, வரி மேல வரி என்றார். பாதி பாட்டிலுக்கு மேல் சர்க்காரே குடித்துவிடுகிறது, மூடியைத் திறக்காமலே!

இங்கேதான் அம்மா நின்றாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாட்டிலைத் தட்டில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். போச்சு, மாஹேதான் என்று நினைத்தேன். மாமாவுக்கு போன் போட போனைக்கூட வெளியே எடுத்துவிட்டேன்.

எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு நடந்தாள்.

மலையில் ஒரு சட்டம், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ். அந்த விலையில் இந்தப் பத்து! அம்மா கவனமாகக் கேட்டுவைத்துக்கொண்டாள். அவர் பேப்பரில் சுருட்டித் தரவா என்றார், எல்லாரும் அப்படித்தான் கேட்பார்களாம். வேண்டாங்க, அப்படியே குடுங்க என்று காய்கறிப் பையில் வைத்தாள். ஒருத்தர் கதவைத் திறந்து பிடித்தார். கோயிலிலிருந்து வருகிற மாதிரி படி இறங்கி வந்தாள், அந்தப் பட்டுச் சேலையில்.

அது எங்க அம்மா என்று கடலைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

திரும்பும் பஸ். கேத்திப் பிரிவில் ஏறியது யார்? குருசாமி. அப்பாவுக்கு மாலை போட்டுவிட்டவர், பதினெட்டு தடவை மலைக்குப் போனவர். ஏறியதும் நேரே எங்களுக்கு முன் சீட். திரும்பி உட்கார்ந்து வீட்டு நலம், அப்பா விரதம், எல்லாம் விசாரித்தார். பிறகு பையைப் பார்த்தார். 

"பை கனமாட்ட இருக்குதே, என்னம்மா?"

"சரக்குங்க சாமி."

"சாக்லேட் சரக்கா?"

"சாக்லேட்டுக்குத்தானுங்க சாமி."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு பொய்யும் இல்லை. 'கு' ஒன்றைச் சேர்த்து குருசாமியையே தாண்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அருவங்காடு வரை இருமினேன். குருசாமி இஞ்சி கசாயம் சொன்னார்.

இத்தனை வருடம் இந்த வீட்டில் வார்த்தை விளையாட்டு எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

ஊட்டுக்குள் வரக்கூடாதே, பாட்டில் நேரே எதிர்வீட்டு மேரி அக்கா வீட்டுக்கு. எங்கள் வாசலைத் தாண்டும்போது அம்மா பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

டிச. 2, திங்கள்

கணக்கு டெஸ்ட். வரி பற்றி ஒரு கணக்கு. நேற்றைய அனுபவத்தில் போட்டேன். தப்பு.

இன்டர்வெல்லில் ரமேஷ், உங்கம்மாவ ஒயின்ஷாப்புல பாத்தாங்களாமே என்றான், பத்துப் பேர் கேட்க. ஆமா, அமெரிக்கச் சரக்கு, உங்கப்பாவுக்கு வேணும்னா சொல்லு, எங்கம்மாகிட்ட வழி கேட்டுச் சொல்றேன் என்றேன். பத்துப் பேரும் சிரித்தது அவனைப் பார்த்து. ஆனால் சாயங்காலம் வரை காது சூடாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை.

டிச. 5, வியாழன்

மஞ்சு. மேரி அக்கா சமையலறை. பிளம் கேக் வேலைக்கு நடுவே எங்களுக்கு அரை மேடை.

பாட்டில் திறந்தாயிற்று. அம்மா தூரமாக நின்று மோந்தாள். என்ன வாசம் என்று நாங்கள் கேட்க, கொஞ்சம் யோசித்து, "உங்கப்பா டீத்தூள் டிரையர்ல நின்னுட்டு வர்ற சட்டை. அதுல வெல்லம் ஒழுகின மாதிரி" என்றாள்.

முதல் தடவை தோல்வி. ஊற்றியதும் சாக்லேட் திரிந்துபோனது, எண்ணெய் தனி, மண் தனி.  எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அத்தனை வரி கட்டியது குப்பைக்கூடையில்.

பிறகு அவளே யோசித்தாள். சில்லென்று இருப்பதை ஒரேயடியாக ஊற்றினால் உருக்கின நெய்கூடக் கட்டிதட்டும். கிரீமை வெதுவெதுப்பாக்கிச் சாக்லேட்டில் சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கி, போர்பனைச் சொட்டுச் சொட்டாக. கை ஓயாமல் கிண்டினாள். பளபளவென்று சேர்ந்தது, பார்த்தால் முகம் தெரிந்தது. என் முகம், மீசை இல்லாமல்.

ருசி யார் பார்ப்பது? வீட்டில் சாமி விரதத்தில், அம்மா தொடமாட்டாள். நான் முன்வந்தேன். தலையில் கரண்டி. மேரி அக்கா ஒரு உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியே இருந்தார். அம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"தேனு, எனக்கு அம்பது எடுத்து வெச்சுரு" என்று அம்மாவிடம் சொன்னார் மேரி அக்கா.

டிச. 8, ஞாயிறு

எழுதக் கை பரபரக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

பங்களா. கணப்பில் நெருப்பு. ப.மே. ஒரு உருண்டை தின்றார்.  எந்தக் கடை போர்பன் என்றார். ஊட்டிக் கடைங்க, நானே போய் வாங்கினேன் என்றாள் அம்மா. ப.மே. நிமிர்ந்து பார்த்தார். நான்கூட டிரைவரைத்தான் அனுப்புவேன் என்றார். அப்புறம் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஆர்டர் உறுதி. அறைக்கு ஒரு பெட்டி, புது வருடம் வரை. பெட்டி டிசைனை எடுத்துக் காட்டினார். பங்களா படம், கீழே சுருள் சுருளாக 'ஹோம் மேட்'. அவ்வளவுதான்.

அம்மா கேட்டாள். பெட்டியில் தன் பெயர் வர வேண்டும் என்று. குரல் மெலிசாகத்தான் வந்தது. ப.மே. தன்மையாகச் சொன்னார், விருந்தாளிகளுக்குப் பங்களா பெயர்தான் தெரியும், இன்னொரு பெயர் போட்டால் குழப்பம், வேண்டுமானால் விலையில் கொஞ்சம் கூட்டித் தருகிறேன்.

போதும்மா, சரின்னு சொல்லு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அம்மா அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாள்.

"ஹோம் மேட்னு போட்டிருக்கறீங்க. எந்த ஹோம்னு போட வேண்டாமுங்களா?"

 ஆர்டர் அப்படியே அந்தரத்தில். அம்மா காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தட்டு மேல் கையை வைத்தாள், எடுத்துக்கொண்டு கிளம்பத் தயார் என்கிற மாதிரி.

ப.மே. தட்டைப் பார்த்தார். சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்தார்.

"உங்க பேர் என்ன? இத்தனை நாளா நான் கேட்டதே இல்லை."

"தேன்மொழிங்க. தமிழ்லயே போடுங்க."

  

டிச. 16, திங்கள்

மார்கழி பிறந்தாயிற்று. புல் மேல் உறைபனி.

பிரஸ்ஸிலிருந்து காலிப் பெட்டிகள் வந்தன, மடிக்க வேண்டும். காலி என்பதால் வீட்டுக்குள் அனுமதி. அப்பா முதல் பெட்டியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தார். "தேன்மொழி." கீழே பொடி எழுத்தில் சட்டப்படி ஒரு வரி. அதையும் அதே வேகத்தில் படித்துவிட்டார். "மது கலந்தது."

தேன்மொழி, மது கலந்தது! நான் தரையில் உருண்டேன். அம்மாவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. அப்பா முகம்தான் பார்க்க வேண்டும், விரத காலத்தில் மனைவி பெயருக்குக் கீழே இது. மது என்றால் தமிழில் தேன் என்றும் அர்த்தம், தமிழ் ஐயாவே சொல்லியிருக்கிறார், ஆக ஒன்றையே இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள் என்று சமாதானப்படுத்தினேன். நம்பினாரா தெரியாது. ராத்திரி வரை உட்கார்ந்து எங்களுக்குச் சமமாக மடித்தார்.

தூங்கப் போகும் முன் ஒரு பெட்டியை அம்மாவிடம் நீட்டினார்.

"நாளைக்கு ஃபேக்டரிக்கு இட்லிய இதுல வெச்சுக் குடு."

டிபன் பாக்ஸ் ஓட்டையாங்க என்றாள் அம்மா. இல்லை, பேர் மேல தெரியற மாதிரி கட்டு என்றார். பெட்டியில் எத்தனை இட்லி பிடிக்கும் என்று இருவரும் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.